கார்பன் ஸ்டாக்: லேசு சரி, தாங்குமா?

சென்ற இதழில் கார்பன் ஃபைபர் சைக்கிள் பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, இதே பொருளில் வேட்டைத் துப்பாக்கிக்கும் கட்டை (ஸ்டாக், அதாவது துப்பாக்கியின் இரும்பைத் தாங்கி, தோளில் வைத்துப் பிடிக்கிற பகுதி) செய்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். சைக்கிளை விட்டுவிட்டு எல்லோரும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டீர்கள். வந்த கடிதங்களில் சில இங்கே. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (கால்கரி, கனடா): என்னிடம் வால்நட் கட்டை போட்ட .308 ரைஃபிள் இருக்கிறது. பிக்ஹார்ன் ஆட்டு வேட்டைக்கு ராக்கி மலை ஏறும்போது நூறு நூறு கிராமாகக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கார்பன் ஸ்டாக் போடலாம் என்றால் கூட வருகிற நண்பர், "அது முட்டை ஓடு, பாறையில் ஒரு தடவை விழுந்தால் போச்சு" என்கிறார். விலையும் ஆயிரம் டாலருக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் கார்பன் ஸ்டாக் என்று பொதுவாகச் சொல்லி வாங்காதீர்கள், அந்தப் பெயரில் நாலைந்து விதமான சரக்கு விற்கிறது.

முதலில், பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கும் ஒரு விஷயம். கார்பன் மரத்தைவிட லேசான பொருள் கிடையாது. வால்நட் மரம் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.6 கிராம், எபாக்சி பிசினில் தோய்ந்து இறுகிய கார்பன் ஃபைபர் சுமார் 1.6 கிராம். உங்கள் மரக்கட்டையை அப்படியே அச்செடுத்து முழுக்கக் கார்பனில் வார்த்தால் இரண்டரை மடங்கு கனக்கும், தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது. கார்பன் விறைப்பானது என்பதால் மெல்லிய ஓடாகச் செய்து, உள்ளே ஃபோம் அடைத்தோ காலியாகவோ விட முடிகிறது, எடை குறைவது அங்கேதான். மரக்கட்டை ஒரு கிலோ முன்பின் இருக்கும், நல்ல கார்பன் கட்டை 600 முதல் 800 கிராம், ரொம்ப இளைக்க வைத்தவை 500 கிராம் பக்கம். ஆக உங்கள் நண்பர் ஓடு என்று சொன்னதில் தப்பில்லை. அந்த ஓடு எங்கே தடிமன், எங்கே மெல்லிசு, உள்ளே என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்பதை விசாரிக்காமல் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அடி தாங்க வேண்டிய முதல் இடம் கை பிடிக்கிற கழுத்து. துப்பாக்கி விழும்போது கனமெல்லாம் முன்பக்கம், தோளில் வைக்கிற பகுதி பின்பக்கம், நடுவில் ஒல்லியான கழுத்து. மரமோ கார்பனோ, உடைந்தால் பெரும்பாலும் அங்கேதான் உடையும். நல்ல தயாரிப்பாளர்கள் கழுத்தில் கார்பன் துணியின் அடுக்குகளைக் கூட்டி, இழைகளை நீளவாக்கிலும் 45 டிகிரி சாய்விலும் மாற்றி மாற்றிப் போட்டு, லேசான ஃபோமுக்குப் பதில் கெட்டியான பிசின் கலவையை உள்ளே நிரப்புவார்கள். கழுத்தில் ஐம்பது கிராம் மிச்சம் பிடித்த ஸ்டாக்கை நான் வாங்கமாட்டேன், விலையில் பாதி தள்ளிக் கொடுத்தாலும்.

அடுத்தது ஆக்‌ஷன் என்கிற, தோட்டாவை ஏற்றிச் சுடுகிற இயந்திரப் பகுதி உட்காருகிற குழி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் வேட்டைக்காரரை உண்மையில் ஏமாற்றுவது இதுதான். சுடும்போது ஆக்‌ஷன் பின்னோக்கித் தள்ளுகிறது, அந்தத் தள்ளலை ரீகாயில் லக் என்கிற சின்ன இரும்பு நாக்கு கட்டையின் மேல் இறக்குகிறது. அந்த நாக்குக்குப் பின்னால் கெட்டிப் பிசின் இருந்தால் உங்கள் பேரன் காலம்வரை ஓடும். ஃபோமின் மேல் மெல்லிய தோலாக இருந்தால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் மயிரிழை அளவு நசுங்கிக்கொண்டே வந்து, ஒரு சீசன் கழித்துக் குறி இடம் மாறியிருக்கும். கட்டை உடைந்திருக்காது, வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது, 300 மீட்டரில் குண்டு மட்டும் வேறெங்கோ போகும், நீங்கள் ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். திருகு இறங்குகிற துளைகளில் அலுமினியப் பில்லர், அதாவது சின்னக் குழாய், இருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் திருகை முடுக்க முடுக்க ஓடு உள்வாங்கும். எவ்வளவு முடுக்குவது என்பதைக் கை அளவில் விடாமல், முடுக்கும் விசையை அளக்கிற டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

கடைசியாக, வார் மாட்டுகிற கொக்கி. வெறும் ஃபோமில் திருகியிருந்தால் ஒரு நாள் கையோடு வந்துவிடும். முன்பக்கம் பைபாட் என்கிற இரண்டு கால் தாங்கி மாட்டுகிறவராக இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்யமுடியும் என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் 1980களிலேயே அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ் என்று ஒரு நிறுவனம் வைத்து, கெவ்லார் என்கிற வலுவான செயற்கை இழையும் கார்பனும் கலந்து, ஒரு பவுண்டு, அதாவது 450 கிராமை ஒட்டிய கட்டைகளைச் செய்தார். முழுத் துப்பாக்கியே இரண்டே கால் கிலோ சுமார்தான். ஆக்‌ஷனோடு நிறுத்தாமல் குழலையும் முழு நீளத்துக்குக் கட்டையில் படிய வைத்தார், அதனால் குழலும் கட்டையும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்துக்கொண்டன. அன்றைக்கு எல்லோரும் குழல் கட்டையைத் தொடவே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம்.

பாறையில் விழுந்தால்? ஒரு தடவை விழுந்ததற்கு நல்ல கட்டை உடையாது, பெயின்ட் உதிரும். விழுந்த இடத்தைத் தட்டிப் பார்ப்பது எப்படி என்று அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கேள்வி (மதுரை, பொறியியல் மாணவர்): கார்பன் ஃபைபர் எஃகைவிட வலு என்றுதான் படிக்கிறோம். அப்புறம் உடைகிறது என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது?

பதில்: பாடப்புத்தகத்தில் இருக்கும் அந்த வலு, இழையின் நீளவாக்கில் பிடித்து இழுக்கும்போது கிடைக்கிற வலு. குறுக்கே இழுத்தால் தாங்குவது பிசின் மட்டும்தான், அது சாதாரணப் பிளாஸ்டிக் வலுதான். அதனால்தான் அடுக்குகளைத் திசை மாற்றிப் போடுகிறார்கள்.

இன்னொன்று, எஃகு அடி வாங்கினால் நெளியும், நெளிந்ததைக் கண்ணால் பார்க்கலாம். கார்பன் நெளியாது. அடி பட்ட இடத்தில் வெளித்தோல் பழையபடி நிமிர்ந்து நின்றுவிடும், உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். விமானத்துறையில் இதற்கு முழு ஆய்வுமுறையே வைத்திருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத அடிதான் அவர்களுடைய பெரிய பயம். உங்களுக்கு அல்ட்ராசவுண்ட் கருவி வேண்டாம், ஒரு நாணயம் போதும். கட்டையை வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் கணீரென்று வந்துகொண்டிருக்கும்போது ஒரு இடத்தில் திடீரென்று மந்தமாகக் கேட்டால் அங்கே பிரிந்திருக்கலாம் என்று அர்த்தம். உள்ளே ஃபோம் முடிந்து கெட்டிப் பிசின் ஆரம்பிக்கிற இடத்திலும் சத்தம் மாறும் என்பதால், புதிதாக வாங்கிய அன்றே ஒரு தடவை தட்டிக் கேட்டு மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எடைக்கு எடை ஒப்பிட்டால் கார்பன் எஃகைத் தோற்கடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடியை விழுங்கிக்கொள்வதில் கண்ணாடி இழையும் கெவ்லாரும் கார்பனைவிடப் பொறுமைசாலிகள். அதனால்தான் பல நிறுவனங்கள் மூன்றையும் கலக்கின்றன. விளம்பரத்தில் "நூறு சதவீதம் கார்பன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நான் பெருமையாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி (வேலூர், ஓய்வுபெற்ற ராணுவத்தினர்): நாங்கள் மரக்கட்டை போட்ட 7.62 எஸ்.எல்.ஆர் என்கிற ராணுவத் துப்பாக்கியில் மழை, வெயில், சேறு எல்லாம் பார்த்தவர்கள். எதுவும் ஆகவில்லை. மரத்துக்கு இப்போது என்ன குறை வந்துவிட்டது?

பதில்: ஐயா, நீங்கள் சொல்வது சரி. அந்தத் துப்பாக்கியின் அமைப்பில் குறி துல்லியம் மரத்தின் நடத்தையை அவ்வளவாக நம்பியிருக்கவில்லை. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் (ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றுவது), அதுவும் ஸ்னைப்பர் வேலையில், கதை வேறு. 1966இல் அமெரிக்க மரைன்கள் ரெமிங்டன் 700ஐ எம்40 என்ற பெயரில் மரக்கட்டையோடு எடுத்துக்கொண்டு வியட்நாம் போனார்கள். அந்த ஈரக்காற்றில் மரம் ஊதியது, முறுக்கிக்கொண்டது, குழலின் மேல் அழுத்தியது, காலையில் சரியாக இருந்த குறி சாயங்காலம் இல்லை. 1970களில் எம்40ஏ1 வந்தபோது மக்மில்லன் நிறுவனத்தின் கண்ணாடி இழைக் கட்டைக்கு மாறினார்கள். எம்14 துப்பாக்கிக்கும் அதே வியட்நாம் காலத்தில் கண்ணாடி இழைக் கட்டை போட்டார்கள். இன்றைக்கு வேட்டைக்காரர்கள் வாங்கும் கார்பன் கட்டை அந்த வம்சத்தில் வந்ததுதான், செய்முறை பெரிதாக மாறவில்லை, துணி மட்டும் மாறியிருக்கிறது.

ஆனால் உங்கள் கட்சிக்கும் ஒரு சாட்சி சொல்கிறேன். கனடாவின் வடகோடியில் ரோந்து போகும் கனேடியன் ரேஞ்சர்கள், ஏறக்குறைய எழுபது வருடம் லீ என்ஃபீல்டை மரக்கட்டையோடு வைத்திருந்தார்கள். 2018 வாக்கில் அதற்குப் பதிலாக சி19 வந்தது, ஃபின்லாந்தின் டிக்கா துப்பாக்கியை வைத்துச் செய்தது. துருவக் குளிர், பனிவண்டியில் கட்டிப்போட்டு இழுக்கிற உதறல், பனிக்கரடி, இத்தனைக்கும் நடுவில் அவர்கள் எடுத்துக்கொண்ட கட்டை எது தெரியுமா? சிவப்புச் சாயம் ஏறிய லேமினேட் மரம். மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி அழுத்திச் செய்தது, ஊதாது, முறுக்காது, ஆனால் கனம். தோளில் சுமந்து செங்குத்தாக ஏறுகிறவருக்குத்தான் கிராம் கணக்கு. வண்டியில் போகிறவருக்கு அது வேண்டாத செலவு. பட்டாளத்திலும் அதேதான், கட்டையால் அடிக்கவும் ஊன்றி எழவும் வேண்டிய ஆளுக்கு யாரும் 500 கிராம் கார்பன் கட்டையைக் கொடுப்பதில்லை.

கேள்வி (பிராம்ப்டன், கனடா): கட்டை லேசானால் தோளில் உதை அதிகமாகுமா?

பதில்: ஆகும், கணக்கு நேரானது. அதே தோட்டாவுக்கு உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்குத் தலைகீழ் விகிதம். நாலு கிலோ துப்பாக்கியை மூன்று கிலோ ஆக்கினால் உதை மூன்றில் ஒரு பங்கு கூடும். சின்னத் தோட்டாவான .243க்கு இது ஒரு பொருட்டில்லை, பெரிய .300 மேக்னத்துக்குப் பொருட்டு. பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறவருக்கு லேசான துப்பாக்கியால் லாபம் எதுவும் இல்லை. தோளில் படுகிற நல்ல ரப்பர் மெத்தை (ரீகாயில் பேட்) போட்ட பிறகும் பயம் போகாவிட்டால் சின்ன காலிபருக்குப் போங்கள்.

கேள்வி (ஒஸ்லோ, நார்வே): இங்கே குளிர்காலம் முழுக்க டிவியில் பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டிதான். அவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு பனிச்சறுக்குகிற துப்பாக்கியிலும் இப்போது கார்பன் தெரிகிறது. எடையைக் குறைத்துக்கொண்டே போனால் அது ஏமாற்று இல்லையா?

பதில்: குறைத்துக்கொண்டே போக முடியாது. தோட்டாவும் மேகசினும் இல்லாமல், மற்ற எல்லாம் சேர்த்துக் குறைந்தது 3.5 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. பிறகு கார்பன் எதற்கு என்றால், கட்டையில் மிச்சம் பிடித்த எடையை அவரவர் உடம்புக்குத் தோதான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். சறுக்கும்போது முதுகை ஒட்டிக் கனம் இருந்தால் சுகம், நின்று சுடும்போது முன்பக்கம் கொஞ்சம் கனத்தால் குழல் அலையாது, இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொருவரும் தன் சமரசத்தைத் தேடிக்கொள்கிறார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது ஜெர்மனியின் உல்ம் நகரத்து அன்ஷுட்ஸ் 1827 ஃபோர்ட்னர், .22 தோட்டா. உதை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, ஆகவே ரீகாயில் லக் கவலை இல்லை. அங்கே கட்டையை உடைப்பது விழுவதுதான். இறக்கத்தில் வேகமாக வந்து மல்லாக்க விழும்போது முதுகுக்கும் கெட்டிப்பட்ட பனிக்கும் நடுவில் மாட்டுவது துப்பாக்கி. அதனால்தான் ஒவ்வொரு அணியும் சுடுமிடத்தில் மாற்றுத் துப்பாக்கி வைத்திருக்கிறது. குளிரைப் பொறுத்தவரை கார்பனுக்கு நல்ல பெயர்: இழையின் வாக்கில் சூட்டுக்கும் குளிருக்கும் அது ஏறக்குறைய நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. கன்னத்தில் படும்போது அலுமினியம் அளவுக்குச் சில்லென்று ஒட்டாது என்பதும் ஒரு சௌகரியம்.

கேள்வி (கோயம்புத்தூர், ஒரு தாயார்): மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறாள். கனமாக இருக்கிறது என்று அழுகிறாள். கார்பன் கட்டை மாற்றித் தரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இந்த விளையாட்டில் கனம் எதிரி இல்லை. உச்ச வரம்பு 5.5 கிலோ, பெரிய வீராங்கனைகள் அதற்குள் எடைக்கட்டிகளைக்கூடத் திருகிச் சேர்த்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் குறி வைக்கிற பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர், கனமான துப்பாக்கி நடுங்குவது குறைவு. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் ஆடுகிற அந்த மட்டத்தில் நீங்கள் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அலுமினியக் கட்டைதான். வளர்கிற பிள்ளைக்கு வேண்டியது நீளமும் கன்னம் வைக்கிற உயரமும் மாற்றிக்கொள்ள வசதியான கட்டை, எடையைப் பயிற்சியாளர் படிப்படியாக ஏற்றிக்கொள்வார். கார்பனுக்கான பணத்தில் நல்ல ஜாக்கெட்டும் ஷூவும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி (மெல்பர்ன், ஆஸ்திரேலியா): விக்டோரியா மலைக்காட்டில் சாம்பார் மான் வேட்டைக்குப் போகிறவன். குளிர்காலத்தில் நாள் முழுக்க நனைகிறது, கோடையில் காருக்குள் வேகிறது. கார்பனுக்கு எது ஆகாது?

பதில்: நீங்கள் தேடிப்போவது நம்மூர்க் கடமானைத்தான், 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுபோய் விட்டவற்றின் வாரிசுகள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

தண்ணீரால் ஒன்றும் ஆகாது. சூடுதான் யோசிக்க வேண்டியது. இழைக்கு எதுவும் நேராது, பிசின் இளகும். அச்சில் போட்டு 120 டிகிரி செல்சியஸ் அளவில் அடுப்பில் வேகவைத்த ப்ரீப்ரெக் (முன்கூட்டியே பிசின் ஏற்றிய துணி) கட்டையாக இருந்தால் கவலையே வேண்டாம். கையால் பிசின் தடவி, அறைச் சூட்டிலேயே ஆறவிட்டு எடுத்த மலிவுச் சரக்கு 60 டிகிரி பக்கத்திலேயே தளர ஆரம்பிக்கலாம், வெயிலில் மூடி நிறுத்திய கார் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். அந்த நிலையில் முடுக்கிய திருகுகளுக்கு அடியில் அது மெல்ல நசுங்கும். எப்படி வேகவைத்தீர்கள் என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள், ஒழுங்கானவர் பதில் சொல்வார்.

வெயிலின் புற ஊதாக் கதிர் எபாக்சியை மஞ்சளாக்கி மாவாக உதிர்க்கும், மேலே வார்னிஷோ பெயின்டோ இருக்கிறவரை பரவாயில்லை. குழல் சுத்தம் செய்கிற காட்டமான திரவங்கள் அந்தப் பூச்சைத் தின்னும், சிந்தினால் உடனே துடையுங்கள். கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும். போயிங் 787இல் கார்பனைத் தொடுகிற பல இடங்களில் டைட்டானியம் போட்டதற்கு இதுதான் காரணம். உங்கள் பில்லரைச் சுற்றிப் பிசின் முழுசாக மூடியிருந்தால் பிரச்சினை இல்லை.

அப்புறம் சத்தம். உள்ளே காலியாக விட்ட கட்டை புதரில் உரசும்போது டொக்கென்று கேட்கும், மான் காது அதை விடாது. காட்டுக்குள் போகிற கட்டையில் ஃபோம் இருக்கட்டும்.

கேள்வி (சென்னை): என்னிடம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கிறது. இணையத்தில் பார்த்து ஒரு கார்பன் ஸ்டாக்கை வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற வரையறைக்குள் அதன் பாகங்களும் வருகின்றன, இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும். வெறும் கட்டைதானே என்று சுங்கத்தில் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. தவிர, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் வந்த பிறகு இங்கே மலை ஏறி வேட்டையாட வழியில்லை, அரை கிலோ குறைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

கேள்வி (டாலஸ், அமெரிக்கா): பழைய துப்பாக்கி ஒன்று கார்பன் ஸ்டாக் என்று சொல்லி விலைக்கு வருகிறது. பார்த்தால் கார்பன் கட்டம் கட்டமாக அழகாகத் தெரிகிறது. அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அசலாகவே இருந்து பின்னால் விரிசல் விட்டால் ஒட்ட முடியுமா?

பதில்: வெளியே தெரிகிற கட்டத்தை நம்பாதீர்கள், தண்ணீரில் முக்கி அச்சேற்றுகிற படலத்தில் பிளாஸ்டிக் கட்டைக்கும் அதே கட்டம் வந்துவிடும். விற்கிறவர் சம்மதித்தால் இரண்டு திருகைக் கழற்றி ஆக்‌ஷனை வெளியே எடுத்துக் கட்டையை மட்டும் தராசில் வையுங்கள், ஒரு கிலோவை நெருங்கினால் கிளம்பிவிடுங்கள். குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கே யாரும் அலங்காரம் செய்வதில்லை. துணியின் நெசவும் பிசினும் தெரிந்தால் நல்லது, வழவழப்பான வார்ப்புக் கோடு ஓடினால் பிளாஸ்டிக். முன்பக்கத்தைக் குழலோடு சேர்த்து விரல்களால் அழுத்துங்கள், சுலபமாக வளைந்து குழலைத் தொடுகிறதென்றால் அது எந்தப் பொருளாக இருந்தாலும் வேண்டாம்.

விரிசலைப் பொறுத்தவரை, தோளில் வைக்கிற பகுதியிலோ முன்பக்கத்திலோ சின்னதாக இருந்தால் சுற்றிலும் சாய்வாகத் தேய்த்து, புதுத் துணியை எபாக்சியில் நனைத்து அடுக்கிவிடலாம், சைக்கிள் ஃப்ரேம் ஒட்டுகிறவரே செய்துகொடுப்பார். கழுத்தில் என்றால் தொடாதீர்கள், தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பல நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்கு ஆயுள் உத்தரவாதம் தருகின்றன, பழையதை வாங்கும் உங்களுக்கு அது செல்லுமா என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களே தேய்ப்பதானால் மாஸ்க் போட்டு, முழுக்கைச் சட்டையோடு, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், அந்தக் கறுப்புத் தூள் தோலில் குத்தி இரண்டு நாள் அரிக்கும், மூச்சில் போனால் அதைவிட மோசம்.